கல்லிடையிலிருந்து ஜங்ஷனுக்கு: ஒரு சீசன்காரியின் கணக்கு

ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறும் சத்தம் எங்கள் வீட்டு அடுக்களை வரைக்கும் கேட்கும். அம்பாசமுத்திரத்தை விட்டுக் கிளம்பி, தாமிரபரணியைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் கல்லிடைக்குறிச்சிதான். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது அந்தத் தடதடப்பு இன்னும் தெளிவாக வரும். சின்ன வயதில் அது கேட்டால் மணி பார்க்க மாட்டோம். 2018-இல் சென்னையை விட்டு ஊர் திரும்பி, பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ரயிலில் போகத் தொடங்கியபோது அதே பழைய பழக்கத்தில் இருந்துவிட்டேன். பாலத்துச் சத்தம் கேட்டதும் டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு ஓடுவேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எட்டி நடந்தாலும் பதினொரு நிமிடம். பாலத்திலிருந்து வண்டி வந்து சேர மூன்று நான்கு நிமிடம். இந்தக் கழித்தல் கணக்கு புரிவதற்குள் முதல் வாரத்திலேயே இரண்டு தடவை வண்டியை விட்டேன்.

மூன்றாவது தடவை, வண்டி எங்கள் ஸ்டேஷனில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றதால் பிடித்துவிட்டேன். மூச்சிரைக்க ஏறியவளைப் பார்த்து ஜன்னலோரத்திலிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "ஏம்மா, பாலத்துச் சத்தத்தக் கேட்டுப் பொறப்பட்டா வண்டி சேர்மாதேவிலல்லா நிக்கும்? ரயில்வே கேட்டுல மணி அடிக்கும் பாரு, அப்பவே ஸ்டேஷன்ல இருக்கணும்." அவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாளை கோர்ட்டுக்கு முப்பது வருடமாகப் போய்வருகிறவர். எல்லாருக்கும் அண்ணாச்சி. நான் கீழே எழுதப்போவதில் பாதி அவரிடம் கற்றது, மீதி பட்டுக் கற்றது.

முதலில் சென்னைக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் எனக்கு ஏன் இங்கே இவ்வளவு தடுமாற்றம் வந்தது என்று விளங்காது. வேளச்சேரியில் ஒன்பது வருடம் இருந்தேன், வேலை மயிலாப்பூரில். பறக்கும் ரயில்தான் எனக்குக் கால். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரைக்கும் 1995-இல் ஓடத் தொடங்கிய வண்டி அது. 1997-இல் திருமயிலை வரை வந்து, 2007-இல் வேளச்சேரியைத் தொட்டது. அப்போது வேளச்சேரி பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் பாதைக்கு அப்புறமும் தூண்கள் வரிசையாகப் போவது தெரியும். பரங்கிமலை வரைக்கும் இன்னும் ஐந்து கிலோமீட்டர் போட்டுவிட்டால் பறக்கும் ரயில், தாம்பரம் லைன், மெட்ரோ மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடும் என்று திட்டம். ஆதம்பாக்கம் பக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக அது வருடக்கணக்கில் நின்றுபோனது. 2015-இல் கோயம்பேடு – ஆலந்தூர் மெட்ரோ ஓட ஆரம்பித்தபோது நாங்கள் தோழிகளெல்லாம் வேடிக்கை பார்க்கப் போனோம். வேளச்சேரியிலிருந்து ஆலந்தூருக்கு எப்படிப் போனோம்? ஷேர் ஆட்டோவில். இரண்டு ரயிலுக்கு நடுவே ஓர் ஆட்டோ. அதில் ஏழு பேர், என் மடியில் யாரோ ஒருவரின் ஹெல்மெட்.

அப்போது அதைச் சிரித்துக் கழித்துவிட்டேன். இப்போது யோசித்தால், புறநகர் வண்டியின் உயிர் அந்த ஆட்டோ ஓடும் இடைவெளியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. வண்டி எவ்வளவு வேகம், பெட்டி எவ்வளவு புதிது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

சென்னையில் பழகிய இன்னொரு சுகம், நேரம் பார்க்காமல் ஸ்டேஷனுக்குப் போவது. ஒன்றை விட்டால் இன்னொன்று வரும். கையில் ஒரு கடலைப் பொட்டலம் இருந்தால் போதும். நகர ரயிலுக்கு ஆயிரம் விளக்கம் சொல்லலாம், எனக்கு ஒன்றுதான்: தைரியமாகத் தவறவிட முடிகிற ரயில். எங்கள் செங்கோட்டை பாசஞ்சரைத் தவறவிட்டால் பாதி நாள் சம்பளம் போயிற்று.

எங்கள் லைனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுன், பேட்டை, சேரன்மகாதேவி (பேச்சில் சேர்மாதேவி), காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் (அம்பை) என்று ஆற்றை ஒட்டியே மேற்கே போய், அப்புறம் கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி, செங்கோட்டை. மொத்தம் எண்பது கிலோமீட்டர் அளவில். ஆற்றை இரண்டு இடத்தில் தாண்டும், சேரன்மகாதேவிக்கு முன்னால் ஒன்று, எங்கள் ஊருக்கும் அம்பைக்கும் நடுவில் ஒன்று. 1902-இல் பாதை போட்டபோது முதலில் எங்கள் ஊர் வரைக்கும்தான் வண்டி வந்தது, அடுத்த வருடம்தான் செங்கோட்டை போய்ச் சேர்ந்தது. "ஒரு வருசம் உங்க ஊருதாம்மா கடைசி ஸ்டேஷன், அந்தத் தெம்புதான் இன்னும் உங்களுக்கெல்லாம்" என்று அண்ணாச்சி கேலி செய்வார். நான் கல்லூரிக்குப் போனது மீட்டர்கேஜ் வண்டியில். படிப்பு முடிந்த கொஞ்ச காலத்தில் அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள், 2012-இல் திறந்தார்கள். அந்த நடுவாந்திர வருடங்களில் நான் ஊரில் இல்லை.

ஒரு மாநகராட்சியை நம்பி இத்தனை பேரூர்கள் வரிசையாக இருக்கின்றன. காலையில் எல்லாரும் கிழக்கே போகிறார்கள், மாலையில் மேற்கே திரும்புகிறார்கள். வேறு ஊராக இருந்தால் இதைப் புறநகர் ரயில் என்றே சொல்லியிருப்பார்கள். இங்கே பாசஞ்சர். அதுவும் ஒரு பக்கத்துக்கு ஒரு நாளில் நாலு.

நாலு வண்டி என்றால் காலை வண்டி ஒன்று, மாலை வண்டி ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நடுப்பகல் வண்டிகள் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்களுக்கு. காலை வண்டி எட்டு மணி வாக்கில் கல்லிடைக்கு வந்து ஒன்பதையொட்டி ஜங்ஷன் சேரும். மாலையில் ஆறு மணிக்கு மேல் ஜங்ஷனிலிருந்து கிளம்பும். கால அட்டவணை மாறினால் பத்து நிமிடம் முன்பின் ஆகும், அந்தப் பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் இட்லி ஊற்றும் நேரம், அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் எல்லாம் மாறும். வேலைக்குச் சேரும்போதே நேர்காணலில் சொல்லிவிட்டேன், ஒன்பதரைக்கு வருவேன், ஐந்தரைக்குக் கிளம்புவேன், மதியம் அரை மணி நேரம் குறைத்துக்கொள்கிறேன் என்று. சொல்லாமல் சேர்ந்து பிறகு தினமும் கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் முதல் நாளே பேசிவிடுங்கள். வேலை கேட்டு நிற்கும்போது இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அதைவிடக் கூச்சம்.

பெட்டிக்குள்ளே யாருக்கு எந்த இடம் என்று எழுதாத ஒரு பதிவேடு இருக்கிறது. பாவூர்சத்திரத்தில் ஏறும் காய்கறி மூட்டைகள் கதவோரம். அம்பையில் ஏறும் வாத்தியார்கள் நடுவில். கல்லிடையில் நாங்கள் ஐந்தாறு பெண்கள், அதில் ஒருவர் கையில் எப்போதும் அப்பளக் கட்டுப் பை. வீரவநல்லூர் மதினி ஒருவர் டவுனில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போகிறார். ஏறி உட்கார்ந்ததும் மடியில் பிச்சிப்பூவைக் கொட்டிக் கட்ட ஆரம்பித்தால் பேட்டை வருவதற்குள் இரண்டு முழம் முடிந்துவிடும். பாதியை அறுத்து யார் தலை காலியாக இருக்கிறதோ அவர்களுக்குக் கொடுப்பார். தை மாதம் பிறக்கப்போகிறது என்றால் காருகுறிச்சியில் பொங்கல் பானைகளோடு ஏறுவார்கள், அன்றைக்குக் காலை நீட்ட முடியாது. பேட்டையில் கல்லூரிப் பிள்ளைகள் மொத்தமாக இறங்கினதும் பெட்டி பாதி காலியாகும். பேட்டையில் காலியாகும் என்பதை நம்பி சேர்மாதேவியில் ஏறி நின்றுகொண்டு வருகிறவர்களும் உண்டு, பத்துப் பதினைந்து நிமிடம்தானே.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் அன்று மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மேற்கேயிருந்து வருகிற கூட்டம் எல்லாம் டவுனில் இறங்கும். அன்றைக்கு நான் பஸ்ஸில் போய்விடுவேன்.

இனி நான் பட்ட அடிகள்.

சீசன் டிக்கெட்டில் முதல் அடி. ஐந்தாம் தேதி எடுத்த மாத சீசன், அடுத்த மாதம் நாலாம் தேதியோடு முடியும். எனக்கு அது ஐந்து வரைக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. ஐந்தாம் தேதி திங்கள்கிழமை, ஜங்ஷனில் வெளியே வரும் இடத்தில் டிக்கெட் பரிசோதகர் கையை நீட்டினார். நானும் ரொம்ப கெத்தாக எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "நேத்தோட முடிஞ்சிட்டேம்மா" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. 250 ரூபாய் அபராதம், அதோடு டிக்கெட் காசு. பையில் இருந்தது 180 ரூபாய். பின்னால் வந்த அண்ணாச்சிதான் மீதியைக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறின பிறகு சொன்னார், சீசனைப் பத்து நாளைக்கு முன்னாலேயே புதுப்பித்துக்கொள்ளலாம், கடைசி நாள் வரை ஏன் இழுக்க வேண்டும் என்று. அன்றிலிருந்து மூன்று மாத சீசன்தான் எடுக்கிறேன். மூன்று மாதத்துக்கு மூன்று மடங்கு கிடையாது, 2.7 மடங்குதான். வருடத்துக்கு நாலே தடவை நினைவு வைத்தால் போதும் என்பது அதைவிடப் பெரிய லாபம். முடியும் தேதியை டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், போனில் வைத்தால் நான் பார்ப்பதில்லை.

செயலியில் சீசன் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. அது எடுத்த மறுநாளிலிருந்துதான் செல்லும். காலையில் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுத்துவிட்டு அதே வண்டியில் ஏறினால் என் கதிதான். சாதா டிக்கெட் எடுக்கும்போதும் பாதைக்கு மிகப் பக்கத்தில் நின்றால் செயலி டிக்கெட் தராது. ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தால் தரும். எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் சாவகாசமாகக் கிளம்பலாம் என்றும் நினைக்க வேண்டாம். இந்த மாதிரி கிட்டத்துப் பயணங்களுக்கு மூன்று மணி நேரம், அல்லது அடுத்து கிளம்பும் முதல் வண்டி வரைக்கும், அவ்வளவுதான். நாலே வண்டி ஓடுகிற ஊரில் இந்த விதி தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

காசுக் கணக்கையும் சொல்ல வேண்டும். கொரோனாவில் வண்டிகள் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியபோது பாசஞ்சருக்கெல்லாம் எக்ஸ்பிரஸ் கட்டணம் வைத்தார்கள். குறைந்தபட்சம் 10 ரூபாயாக இருந்தது 30 ஆயிற்று. அதே பெட்டி, அதே வேகம், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற அதே வண்டி. காருகுறிச்சியிலிருந்து சேர்மாதேவிக்குப் போகிற கிழவி 30 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றால் யார் ஏறுவார்கள்? மூட்டைக்காரர்கள், கிட்டத்து ஊர்க்காரர்கள் எல்லாம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். 2024 தொடக்கத்தில் மறுபடி 10 ரூபாய்க்கு இறக்கிய பிறகும் அவர்களில் எல்லாரும் திரும்பி வரவில்லை. ஒரு வண்டியில் ஏறும் பழக்கம் விட்டுப்போனால், கட்டணத்தைக் குறைத்த அன்றைக்கே அது திரும்ப வந்துவிடாது போல.

அடுத்தது க்ராசிங். ஒற்றைப் பாதை என்பதால் எதிர்வண்டிக்கு வழிவிட ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நிற்க வேண்டும். எதிர்வண்டி லேட் என்றால் நாமும் லேட். நம்மிடம் ஒரு குற்றமும் இருக்காது. ஒரு நாள் சேர்மாதேவியில் முப்பத்தைந்து நிமிடம் நின்றது. அன்று காலை வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வரச்சொல்லியிருந்த சர்க்கரை நோயாளிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள், எடுக்க வேண்டியவள் நான். ஜன்னலுக்கு வெளியே பிசானத்துக்கு உழுதுபோட்ட வயலில் கொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன், போகலாம் என்று முடிவு செய்து எழுந்தபோது சிக்னல் விழுந்தது. அன்று போய்ச் சேர்ந்ததும் நிர்வாகத்திலிருந்து வாங்கின பேச்சை இங்கே எழுத வேண்டாம்.

அண்ணாச்சியின் விதி இதற்கு எளிது. க்ராசிங்கில் நின்று பத்து நிமிடம் ஆகியும் எதிர்வண்டி பக்கத்து ஸ்டேஷனைக்கூட விடவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். விட்டுவிட்டது என்றால் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதை ஸ்டேஷனில் கேட்டால் சொல்வார்கள், போனிலும் பார்க்கலாம். நடுவில் யோசிப்பதற்கென்று நேரமே வைத்துக்கொள்ளக் கூடாது. நான் இதோடு ஒன்று சேர்த்துக்கொண்டேன்: வெறும் வயிற்று ரத்தம் எடுக்கும் முதல் அரை மணியை உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தியிடம் மாற்றிவிட்டு, அவளுடைய சாயங்கால ரிப்போர்ட் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். ரயிலைத் திருத்த என்னால் ஆகாது, என் வேலையை ரயிலுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள முடிந்தது.

ஆனால் இதெல்லாம் சின்னது. ஜங்ஷனில் இறங்கிய பிறகு வருகிற பதினைந்து இருபது நிமிடம்தான் பெரிய விஷயம். நான் போக வேண்டியது பாளைக்கு, நடுவில் தாமிரபரணி. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இரட்டை நகரம் என்கிறோம், ஆனால் இரண்டையும் ஒட்டி வைத்திருப்பது எங்கள் வண்டி இல்லை, 1843-இல் திறந்த சுலோச்சனா முதலியார் பாலம். அதற்கு முன் படகில்தான் கடக்க வேண்டுமாம். தன் கைக்காசைப் போட்டு ஒருவர் கட்டிய பாலம் அது. முப்பத்தைந்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்து வந்துவிட்டு, அந்த ஐந்தாறு கிலோமீட்டருக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் வந்த வருடக் கடைசியில்தான் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டைப் புதிதாகக் கட்டுவதற்காக மூடினார்கள், பல வருடம் மூடியே இருந்தது. பஸ்கள் அங்கங்கே ரோட்டில் நின்றன. எது எங்கே நிற்கும் என்பது தினமும் ஒரு புதிர்.

அப்போது அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது: வண்டியின் கடைசிப் பெட்டியில் ஏறாதே, வெளியே போகும் வழிக்கு எந்தப் பெட்டி நேராக நிற்கிறதோ அதில் ஏறு. நான்கு நாள் கவனித்து அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தேன். கல்லிடை பிளாட்பாரத்தில் அது ஒரு வேப்பமரத்துக்கு எதிரே வந்து நிற்கிறது. ஜங்ஷனில் கூட்டம் படிக்கட்டுக்கு வருமுன் நான் வெளியே வந்துவிடுவேன். அதனால் மிச்சமாவது நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில்தான் பாளை போகும் ஒரு டவுன் பஸ் கிளம்பும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதால், அந்த பஸ்ஸைப் பிடித்தால் அன்றைய பயணம் முழுக்க சீசனோடு முடிந்தது. விட்டால் பிரைவேட் பஸ், அதையும் விட்டால் ஆட்டோ. மாதக் கடைசியில் அந்த நாலு நிமிடத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு மாதம் நாலைந்து தடவை ஆட்டோ ஏறினால் சீசனில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

இந்த வழியில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாராவது கேட்டால் நான் முதலில் ரயில் நேரத்தைச் சொல்வதில்லை. இறங்குகிற ஸ்டேஷனிலிருந்து வேலைசெய்யும் இடம் வரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நடந்து பார் என்பேன். டவுனில் வேலை என்றால் ஜங்ஷன் வரைக்கும் வரவே வேண்டாம், டவுன் ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்துவிடலாம். அது தெரியாமல் ஜங்ஷனில் இறங்கி, ஈரடுக்குப் பாலத்து நெரிசலில் பஸ்ஸில் திரும்பிப்போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும், மூன்று மாதம் அப்படிப் போயிருக்கிறாள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி நாசரேத்திலிருந்து வருகிறாள். அவளுக்குத் திருச்செந்தூர் லைன். பாளையங்கோட்டை ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவாள், ஆற்றைத் தாண்டும் வேலை அவளுக்கு இல்லை. செங்கோட்டை வண்டியும் செந்தூர் வண்டியும் ஜங்ஷனில் நேரம் ஒத்துச் சந்தித்தால் நானும் அப்படி இறங்கிக்கொள்ளலாம். நாலு பக்கத்து வண்டிகளும் ஒரே ஸ்டேஷனுக்கு வருகின்றன. ஆனால் ஒன்று வரும்போது இன்னொன்று இருப்பதில்லை. பரங்கிமலைக்கு நிலம் கிடைக்காமல் நின்றது, இங்கே நிலமும் இருக்கிறது, தண்டவாளமும் இருக்கிறது. புதிதாக மெட்ரோ எல்லாம் எங்களுக்கு வேண்டாம். காலையில் இன்னும் ஒரு வண்டி, ஜங்ஷனில் பத்து நிமிட ஒத்திசைவு, வாசலில் ஒரு டவுன் பஸ். என் ஆசை அவ்வளவுதான்.

அவள் லைன் பட்ட பாட்டையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பர் 17-ஆம் தேதி மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. எண்ணூறு பேர் அளவுக்கு உள்ளே. தண்டவாளத்துக்குக் கீழே மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய், கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்ததைச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பாதை அடுத்த மாதம்தான் சரியானது. அதுவரை அவள் பாளையில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினாள். அதன் பிறகு நானும் வேலை இடத்து அலமாரியில் ஒரு செட் துணி, ஒரு போர்வை, அப்பாவின் மருந்துச் சீட்டு நகல் வைத்திருக்கிறேன். துணியை இதுவரை ஒருமுறைதான் எடுத்தேன், அதுவும் மாதிரிக் குப்பி உடைந்து சட்டையில் கொட்டியதற்காக.

மாலை வண்டியில் அவசரம் இல்லை, களைப்புதான். ஆறு மணி வண்டியை விட்டால் வேய்ந்தான்குளத்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பாபநாசம் பஸ் ஏற வேண்டும், வீடு சேர ஒன்பதாகிவிடும். அதனால் ஐந்தரைக்கு மேல் வருகிற மாதிரிகளை மறுநாளைக்கு என்று எழுதி வைக்கும் துணிச்சல் எனக்கு இரண்டாவது வருடம்தான் வந்தது.

மாலை க்ராசிங்கில் ஒன்று நடக்கும். பேட்டையில் வீடு இருக்கிற ஒரு தம்பதி. அந்த வீட்டு மதினிக்குப் பாவூர்சத்திரத்தில் வேலை. அவர் வீட்டுக்காரருக்கு அம்பைப் பக்கம் ஒரு மில்லில் வேலை. நைட் ஷிப்ட் வாரங்களில் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கள் வண்டியில் மேற்கே வருவார், மதினி எதிர்வண்டியில் கிழக்கே போவார். இரண்டு வண்டியும் சேர்மாதேவியில் நிற்கும்போது ஜன்னலுக்கு ஜன்னல் சாவி கை மாறும். ஒரு நாள் எதிர்வண்டி லேட் ஆகி, க்ராசிங் கீழக்கடையத்துக்கு மாறிவிட்டது. அவர் அம்பையிலேயே இறங்க வேண்டும், சாவி பையில் இருக்கிறது. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினாராம். டீக்கடைக்காரர் எதிர்வண்டி வந்ததும் சாவியை ஆட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாகக் கூப்பிட்டபடி ஓடியிருக்கிறார்.

மறுநாள் அண்ணாச்சி அவரைப் பிடித்துக்கொண்டார். "ஏவே, ஒரு டூப்ளிகேட் சாவி போட்டா என்ன கொறஞ்சிரும்?"

"எங்க தாத்தா காலத்துத் திண்டுக்கல் பூட்டு அண்ணாச்சி. இதுக்குச் சாவி போட இங்கன ஆள் இல்ல."

"அப்ப பூட்ட மாத்தும்."

அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று போன மாதம் தெரிந்தது, இப்போது இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு சாவி. ஆனாலும் சேர்மாதேவியில் வண்டி நின்றதும் அவர் எழுந்து ஜன்னலுக்குப் போகிறார். நேற்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் வந்தது. பாவூர்சத்திரத்தில் விலை மலிவாம்.